ஒரு மணி நேர செட்டுக்கு எதை வாங்குவது? டிரம் அண்ட் பேஸ் புது ரிலீஸ்கள் பற்றி

பிரிஸ்டலில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மாணவர்கள் நடத்தும் இசை இரவு ஒன்றில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். சின்ன அடித்தள அறை, நெருக்கி நின்றால் நூற்றைம்பது பேர். டிரம் அண்ட் பேஸ்தான் போட வேண்டும். டான்ஸ்ஃப்ளோருக்கென்று வரும் புது வெளியீடுகளைத் தேடினால் கடலாக இருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?"

ஒரு பட்டியல் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் வேகமான டிரம் தாளமும் கனத்த அடிநாதமும் (பேஸ்) கொண்ட இந்த மின்னணு நடன இசையில் பட்டியல் ஒரு மாதம்கூடத் தாங்காது. வெள்ளிக்கு வெள்ளி புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதுபோல ஒரு டிராக்கைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். பெயர்களும் நடுநடுவே வரும்.

முதலில் ஒரு குழப்பம். கடைகளில் 'டான்ஸ்ஃப்ளோர்' என்று போட்டிருப்பது ஆடுகிற தரையை அல்ல, ஒரு பாணியை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக் குழுவான பெண்டுலம் 2005இல் 'ஹோல்ட் யுவர் கலர்' ஆல்பத்தைக் கொண்டுவந்த பிறகு நன்றாக வேரூன்றிய பாணி அது. பளபளக்கும் பெரிய சிந்த் (சின்தசைசர்) ஒலி, மேலே ஒரு பாடகரின் குரல், நீண்ட ஏற்றம், பிறகு வாணவேடிக்கை மாதிரி ஒரு டிராப், அதாவது ஏற்றம் முடிந்து டிரம்மும் பேஸும் முழுசாக வந்து விழும் இடம். சப் ஃபோகஸ், வில்கின்சன், டைமன்ஷன், கல்ச்சர் ஷாக் எல்லாரும் இந்தப் பக்கம்தான். எனக்கும் பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பல மைதானத்துக்கும் பெரிய அரங்கத்துக்கும் அளவெடுத்துத் தைத்தவை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஸ்போர்ட்பாலைஸ் என்று பல காலம் அழைக்கப்பட்ட அரங்கில் நடக்கும் ரேம்பேஜ் விழா மாதிரி இடத்தில், லேசர் வெளிச்சத்துக்கு நடுவே, அந்த முப்பது நொடி ஏற்றம் மயிர்க்கூச்செறிய வைக்கும். கை தூக்கினால் கூரை இடிக்கும் அடித்தளத்தில் அதே முப்பது நொடியில் ஆட்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேச ஆரம்பித்தவரை மறுபடி ஆட வைப்பது கஷ்டம்.

உங்கள் அறைக்கு முதல் தேவை 'ரோலர்'. ஒரே பேஸ்லைன் திரும்பத் திரும்ப உருண்டு வரும், பெரிய திருப்பம் எதுவும் இருக்காது. வீட்டில் உட்கார்ந்து கேட்டால் 'என்ன, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அதை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் ஊரிலேயே டிஎல்ஆர் நடத்தும் சோஃபா சவுண்ட் லேபிள் இருக்கிறது, இந்த வகைக்கு அங்கிருந்து தொடங்கலாம். அப்புறம் 'ஜம்ப் அப்': குறும்புத்தனமான, தவளை கத்துவது போன்ற பேஸ் சத்தம்; பூ, ஹெடெக்ஸ், சீரம் இவர்கள் வெளியீடுகளில் நிறையக் கிடைக்கும். மாணவர் கூட்டம் இதற்குத்தான் அதிகம் துள்ளும். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மிளகாய் பஜ்ஜி மட்டுமே சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். லிக்விட், நியூரோ, ஜங்கிள் என்று இன்னும் கிளைகள் உண்டு. ஜங்கிளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, தட்டிப் பார்ப்பது எப்படி?

காலில் இருந்து தொடங்குவோம். இப்போது வரும் டிராக்குகளில் பெரும்பாலானவை 174 பிபிஎம் (நிமிடத்துக்கு 174 அடி) வேகத்தில் இருக்கும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. ஒரு பாரை (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) எட்டாக எண்ணுங்கள்: 1இல் கிக் (கனத்த டிரம் அடி), 3இல் ஸ்னேர் (சுள்ளென்ற அடி), 6இல் கிக், 7இல் ஸ்னேர். மேசையில் இரண்டு கையால் தட்டிப் பாருங்கள், உடனே பிடிபடும். அந்த இரண்டாவது கிக் 5இல் விழ வேண்டியது கொஞ்சம் தள்ளி 6இல் விழுகிறது பாருங்கள், தடுக்கி விழப்போய்ச் சமாளிப்பது போல, அதில்தான் மொத்த இசையும் முன்னால் சாய்கிறது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். 174 என்பது 87இன் இரண்டாம் காலம். உடம்பு 87இல் அசையும், கால் 174இல் ஓடும். எதில் ஆடுவது என்பது ஆடுபவர் இஷ்டம். நல்ல ரிலீஸ் இரண்டுக்கும் இடம் விடும். ஹை-ஹேட், ஷேக்கர் போன்ற சன்னமான தாள ஒலிகளை இடைவெளி இல்லாமல் அடைத்து வைத்திருந்தால் 87இல் அசைய விரும்புகிறவருக்கு மூச்சு முட்டும்.

அடுத்தது கணக்கு. 174இல் ஒரு பார் 1.38 நொடி. 16 பார் 22 நொடி, 32 பார் 44 நொடி, 64 பார் கிட்டத்தட்ட 88 நொடி. பழைய 12 இன்ச் தட்டுகளில் முதல் டிராப் அநேகமாக ஒன்றரை நிமிடத்தில் வரும், அதாவது 64 பார். அந்த ஒன்றரை நிமிட முன்னுரை டிஜேக்காகவே விட்ட இடம், முந்தைய பாட்டோடு பொருத்திக்கொள்ள. இப்போது ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் பத்து நொடியில் தாண்டிப் போய்விடுவார் என்ற பயத்தில் டிராப்பை 44 நொடிக்கு, சில சமயம் 22 நொடிக்கே இழுத்து வந்துவிட்டார்கள். அதிலும் தவறில்லை. ஆனால் எந்த இடத்தில் டிராப் வருகிறது என்று வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்' தனியாக விற்றால் அதையே வாங்குங்கள். 'ரேடியோ எடிட்' வேண்டவே வேண்டாம். 'விஐபி' என்று இருந்தால் அதைத் தயாரித்தவரே மறுபடி உடைத்துக் கட்டிய வடிவம் என்று அர்த்தம். ஆடுதரைக்குப் பல நேரம் மூலத்தைவிட அதுதான் பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கை. சில புது வெளியீடுகளில் டிராப்புக்கு முன் ஒரு வசனத்தையோ மௌனத்தையோ செருகி, நான்கு பார் கூடுதலாக விட்டிருப்பார்கள். தனியாகக் கேட்க நன்றாக இருக்கும். இன்னொரு பாட்டோடு ஓடவிட்டால் அந்த நான்கு பாரில் இரண்டும் பிரிந்து, ஒன்று வாசலில் நிற்க மற்றது வீட்டுக்குள் போய்விடும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது பேஸ். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். கைபேசி ஸ்பீக்கரில் சப் பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த அடி பேஸ், கேட்கவே கேட்காது. நீங்கள் கேட்பது அதன் மேல் பூச்சு மட்டும். இந்த இசையில் அடி பேஸ் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். ஸ்வரக் கணக்கில் சொன்னால் எஃப் 43.7, எஃப் ஷார்ப் 46.2, ஜி 49. டிரம் அண்ட் பேஸ் டிராக்குகள் இவ்வளவு அதிகமாக எஃப், ஜி பக்கம் குவிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்குக் கீழே சி வரைக்கும் போனால் 32.7, சின்ன அறையில் வைத்திருக்கும் சப் வூஃபர் அவ்வளவு கீழே போகாது, காற்றுதான் வரும். மேல் சி 65.4, அங்கே போனால் வயிற்றில் விழ வேண்டிய அடி நெஞ்சோடு நின்றுவிடும். லண்டனில் ஃபேப்ரிக் கிளப்பின் முதல் அறையில் தரைக்கு அடியிலேயே அதிர்வுக் கருவிகள் பதித்திருக்கிறார்கள், பேஸ் உள்ளங்கால் வழியாக ஏறும். அங்கே எதைப் போட்டாலும் எடுபடும். உங்கள் அடித்தளத்தில் அந்தச் சலுகை கிடையாது.

நான் ஏமாந்த கதை இது. சில வருடங்களுக்கு முன் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன இடத்தில், புதிதாக வாங்கிய ஒரு டிராக்கை மிகுந்த எதிர்பார்ப்போடு போட்டேன். ஹெட்போனில் அதன் பேஸ் தலையைச் சுற்றிச் சுழலும். டிராப் வந்தது. கிக் இருக்கிறது, ஸ்னேர் இருக்கிறது, பேஸ் இல்லை! வயர் கழன்றுவிட்டதோ என்று மிக்ஸருக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த பெண் தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பிறகுதான் புரிந்தது: அந்த அறையின் ஸ்பீக்கர்கள் மோனோவில், அதாவது இடது வலது இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும்படி, இணைக்கப்பட்டிருந்தன. டிராக்கின் பேஸை அகலமாக்குவதற்காக இடது, வலது அலைகளை எதிரெதிராக வைத்திருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஹெட்போனில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போனதால் எனக்குத் தெரியவில்லை.

இதைச் சோதிக்கக் காசு எதுவும் செலவில்லை. கைபேசி அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டு நல்ல ஹெட்போனில் கடை தரும் மாதிரித் துண்டைக் கேளுங்கள். பேஸ் மெலிந்தால் வாங்காதீர்கள். அனுபவமுள்ள தயாரிப்பாளர்கள் சப் பேஸை எப்போதும் நடுவில், மோனோவாகவே வைப்பார்கள். மேலே இருக்கும் உறுமலை மட்டும்தான் அகலப்படுத்துவார்கள்.

அந்த உறுமலுக்கு ஒரு பெயர் உண்டு, 'ரீஸ்'. டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் ரீஸ் என்ற பெயரில் 1988இல் வெளியிட்ட ஒரு டிராக்கில் இருந்த பேஸ் அது. ஒன்றுக்கொன்று லேசாகச் சுருதி விலகிய இரண்டு அலைகள் உரசும்போது வரும் சத்தம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் வாரம் தவறாமல் யாரோ ஒருவர் அதை மறுபடி கண்டுபிடித்து வெளியிடுகிறார். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஜங்கிளுக்கு வருகிறேன். தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற பாட்டை ஒரு தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. அதன் நடுவே கிரிகரி கோல்மன் நான்கு பாருக்குத் தனியாக டிரம் வாசிக்கிறார், சுமார் ஏழு நொடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பையன்கள் அந்த ஏழு நொடியை வேகமாக்கி, துண்டு துண்டாக வெட்டி, வேறு வரிசையில் ஒட்டினார்கள். அதிலிருந்து ஒரு முழு இசை வகையே எழுந்தது. கோல்மன் 2006இல் இறந்தார், அந்த வாசிப்புக்கு உரிமைத் தொகையாக ஒரு பைசா பார்க்காமல். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு மட்டும் 2015இல் ரசிகர்கள் கூடி 24,000 பவுண்ட் திரட்டிக் கொடுத்தார்கள்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களாகப் புது வெளியீடுகளில் ஆமென் பலமாகத் திரும்பி வந்திருக்கிறது. நியா ஆர்க்கைவ்ஸ் 2024இல் 'சைலன்ஸ் இஸ் லவுட்' ஆல்பத்தில் இந்தத் துண்டு போட்ட டிரம்களுக்கு மேலே பிரிட்பாப் மெட்டில் பாடினார், பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. அதே வருடம் டிம் ரீப்பரும் க்ளோக்கும் ஹைப்பர்டப் லேபிளில் 'இன் ஃபுல் எஃபெக்ட்' வெளியிட்டார்கள். இரண்டையும் வாங்குங்கள், ஆனால் வெவ்வேறு வேலைக்கு. முதலாவது பாடத் தெரிந்த கூட்டத்துக்கு. இரண்டாவதை ரோலர்களுக்கு நடுவே ஒன்றே ஒன்று செருகிப் பாருங்கள், சீராக எட்டு எண்ணி ஆடிக்கொண்டிருந்த கால்கள் திடீரென்று வழி தெரியாமல் தவித்து, பிறகு சிரித்துக்கொண்டே ஆடும்.

பெரிய பெயர்கள் வேண்டாமா என்றால், வேண்டும். சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் இரட்டையரும் பூவும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட 'பேடடேன்' கூட்டத்தைத் தூக்குவதற்குச் சமீபத்திய நல்ல பாடம். ஐரா, ஃப்ளோடன், ட்ரிகா, டக்குரா என்று நான்கு குரல்கள் மாறி மாறி வருகின்றன. யாருக்கும் நீண்ட பங்கு கிடையாது. ஒருவர் அலுக்கும் முன் அடுத்தவர் வந்துவிடுகிறார், அடியில் பேஸ் மட்டும் விடாப்பிடியாக அப்படியே இருக்கிறது. பிரிட்டிஷ் தரவரிசையில் 5ஆம் இடம் வரை போனது. அடுத்த வருடம் ராப் பாடகர் ஸ்டார்ம்சியோடு சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் செய்த 'பேக்போன்' முதலிடத்துக்கே போனது. இவற்றில் ஒன்று போதும், இரண்டும் வேண்டாம். எல்லா டிஜேயும் போடுகிற பாட்டு அது, உங்களுக்கு முன்னால் போட்டவர் ஏற்கெனவே போட்டிருக்கலாம். போய் நின்றதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தரவரிசையை நம்பி மட்டும் வாங்காதீர்கள். 2012இல் டிஜே ஃப்ரெஷ் 'ஹாட் ரைட் நவ்' பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனார், டிரம் அண்ட் பேஸுக்கு பிரிட்டனில் கிடைத்த முதல் முதலிடம் அது. 2023இல் கென்யா கிரேஸின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' அதே உயரத்துக்குப் போனது. அது படுக்கையறையில் ஹெட்போனில் கேட்கிற பாட்டு, அழகான பாட்டு, ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைப் போட்டால் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், ஆட மாட்டார்கள். பாடட்டும் என்றால் கடைசிப் பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? பாடகர் பெயரைவிட லேபிள் பெயரைப் பின்தொடர்வது இந்த உலகத்தில் சுலபம். ஆண்டி சி 1992இல் தொடங்கிய ராம், பிரிஸ்டல்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே மேடை கொடுத்த வி ரெக்கார்டிங்ஸ், 1994இல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் மூவரும் தொடங்கிய மெட்டல்ஹெட்ஸ், 1996இன் ஹாஸ்பிட்டல், காஸ்ராவின் கிரிட்டிக்கல், அலிக்ஸ் பெரெஸின் 1985 மியூசிக், சீரத்தின் சூப்ட் அப். இந்த ஏழு லேபிள்களையும் பின்தொடர்ந்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்க வேண்டியிருக்கும், அது போதும். ஆனால் உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்து அந்த ஏழு லேபிள்களை மூன்றாகக் குறைத்துவிடுங்கள்.

'புது' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். தொண்ணூறுகளில் லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற இடத்துக்கு வெள்ளிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, டப்பிளேட் (ஒற்றைப் பிரதித் தட்டு) வெட்டிக்கொண்டு அன்று ராத்திரியே போடுவார்கள். அசிட்டேட் தட்டு, சில டஜன் முறை ஓடினால் தேய்ந்துவிடும். கடைக்கு அந்தப் பாட்டு வர மாதங்கள் ஆகும், சில வரவே வராது. இன்று தட்டுக்குப் பதில் வேவ் கோப்பு, வரிசைக்குப் பதில் வாட்ஸ்அப். பழக்கம் மட்டும் மாறவில்லை. கடையில் 'இன்று வெளியீடு' என்று வரும் டிராக்கைப் பெரிய டிஜேக்கள் பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அதனால் போன வருடத்து டிராக்கைப் போட நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை, தவிர்க்க முடியவில்லை. மெட்டல்ஹெட்ஸ் தன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்தியது லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த ப்ளூ நோட் கிளப்பில். அதே கிளப்பில் திங்கட்கிழமை தபலாக் கலைஞர் டால்வின் சிங்கின் 'அனோகா'. தபலாவும் டிரம் அண்ட் பேஸும் ஒன்றாக ஓடிய இரவுகள். 1997இல் அந்த இரவுகளின் பெயரில் வந்த தொகுப்பில், ஸ்டேட் ஆஃப் பெங்கால் போன்றவர்களின் அதிரடிக்கு நடுவே, ஏ.ஆர். ரஹ்மானின் பம்பாய் படத் தீம் இசை இருக்கிறது. தொகுப்பைக் கேட்கும்போது அந்தப் புல்லாங்குழல் வந்ததும் சட்டென்று ஊர் ஞாபகம் வரும். ஆடுவதற்கல்ல, மூச்சு வாங்குவதற்கு.

விஷயத்துக்கு வருவோம். யூட்யூபிலிருந்து இறக்கிய கோப்பைப் போடாதீர்கள். தர்மத்தை விடுங்கள், சத்தத்துக்காகவே சொல்கிறேன்: பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹேட் தகரத்தில் மணல் கொட்டிய மாதிரி கேட்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 குறைந்தபட்சம், முடிந்தால் சுருக்கப்படாத வேவ். பேண்ட்கேம்பில் வாங்கினால் எந்த வடிவத்தில் வேண்டுமோ அதில் எடுத்துக்கொள்ளலாம், கலைஞருக்கும் நல்ல பங்கு போகும்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை? இந்த இசையில் ஒரு பாட்டை முழுதாக ஓட விடுவதில்லை, இரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். முப்பது டிராக் செலவாகும், நாற்பது கையில் இருக்கட்டும். நாற்பதில் பதினைந்து ரோலர், எட்டு ஜம்ப் அப், ஐந்தாறு ஜங்கிள், எல்லாருக்கும் தெரிந்தவை நான்கு, மீதி உங்கள் ஆசைக்கு. ஆண்டி சி மாதிரி இரண்டு டிராக்கின் டிராப்பை ஒரே நொடியில் விழ வைக்கும் 'டபுள் டிராப்' செய்ய ஆசை வரும். வீட்டில் பத்து முறை சரியாக வந்த ஒரு ஜோடியை மட்டும் அன்று செய்யுங்கள். இரண்டுமே பேஸ் நிறைந்தவையாக இருந்தால் சேறாகிவிடும். ஒன்றில் குரலும் டிரம்மும், மற்றதில் பேஸ், அப்படி ஒரு ஜோடியைத் தேடி வையுங்கள். கூட்டம் கத்தி ரீவைண்ட் (அதே பாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து) கேட்டால் ஒரு முறை கொடுக்கலாம், தப்பில்லை.

முதல் பத்து நிமிடத்துக்குக் குரல் உள்ள எதையும் வைக்காதீர்கள். அறை இன்னும் நிரம்பியிருக்காது, கோட்டைக் கழற்றி வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம், இரண்டு நாள் முன்னதாகவே அந்த அடித்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: சப் வூஃபர் இருக்கிறதா, ஸ்பீக்கர் இணைப்பு மோனோவா ஸ்டீரியோவா. பதிலை எனக்கும் எழுதுங்கள், அதை வைத்து உங்கள் நாற்பதில் எதை வெட்டலாம் என்று பார்ப்போம்.